படகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையா? சாமான் வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்

கேள்வி: கொழும்பு மட்டக்குளியில் வசிக்கிறேன். சிறிய ஃபைபர் படகு ஒன்றை, படகின் பின்னால் மாட்டும் 40 குதிரைவலு கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் எஞ்சினுடன் பழையதாக வாங்கினேன். இரண்டு சிலிண்டர். சாவியாலும் கயிற்றாலும் ஸ்டார்ட் செய்யலாம். தென்மேல் பருவக்காற்றுக் காலம் முழுவதும் முகத்துவாரத்தில் கரையேற்றி வைத்திருந்தேன். இப்போது சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. கயிற்றை இழுத்தால் எஞ்சின் தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. பார்த்த மெக்கானிக், தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியும் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயிலும் போய்விட்டன, இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார். வாங்கலாமா? சித்தப்பாவிடம் டீசல் எஞ்சின் பூட்டிய வள்ளம் ஒன்று இருக்கிறது. அதற்கும் இதே சோதனைகள்தானா?

பதில்:

தம்பி, வாங்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம். மின் சாமான்களைப் பூட்டிப் பார்த்துவிட்டுச் சரிவரவில்லை என்று கொண்டுபோனால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைத்தெருவில் எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்கமாட்டார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தீப்பொறி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் சிடிஐ போய்விட்டது என்று எவராவது சொன்னால், அவர் ஊகிக்கிறார், செலவு உங்களுடையது. உங்கள் மெக்கானிக் பார்த்தாரா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதில் இரண்டு கோளாறுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்று நிற்பது பற்றரி, கேபிள், சொலனாய்ட் (சாவியைத் திருப்பும்போது மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச்), ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றின் விவகாரம். கயிற்றில் சுற்றியும் பற்றாதது வேறு விவகாரம். கயிற்றிலும் ஸ்டார்ட் ஆகும் இந்த வகை எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்குத் தீப்பொறி உண்டாக்கப் பற்றரியே தேவையில்லை. எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் கீழே இருக்கும் சார்ஜ் கொயில் அதற்கான மின்சாரத்தைத் தானே பிறப்பித்துக்கொள்கிறது. ஆகவே சிடிஐ மாற்றினாலும் அந்த ‘டக்’ போகாது. பற்றரி மாற்றினாலும் கயிற்றில் பற்றாத எஞ்சின் பற்றாது. இரண்டையும் தனித்தனியே பிடியுங்கள். நல்ல செய்தி ஒன்று: கயிற்றில் தாராளமாகச் சுற்றுகிறது என்கிறீர்கள், எனவே உள்ளே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளவில்லை.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போய்க் கலையாது, படகின் அடிப்பள்ளத்தில் இறங்கித் தேங்கும். எரிபொருள் தாங்கியையும் குழாயையும் கழற்றி வேலை செய்த பிறகு அங்கே மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் பலகைகளைத் திறந்து காற்றோட விடுங்கள், அதற்குப் பிறகுதான் பற்றரியில் கைவைக்க வேண்டும். பற்றரி முனையைக் கழற்றும்போது தெறிக்கும் சிறு பொறி போதும், படகு போய்விடும். பற்றரியைக் கழற்றும்போது கறுப்பு முனை முதலில், பூட்டும்போது கறுப்பு கடைசியில்.

காசு செலவில்லாதவற்றை முதலில் பாருங்கள். சிவப்பு நிறத்தில் சுருள் கயிறு ஒன்று இருக்குமே, ஓட்டுபவர் கையில் அல்லது இடுப்பில் மாட்டிக்கொள்வது, அதன் கிளிப் சுவிட்சில் சரியாக ஏறியிருக்கிறதா? ஏறவில்லை என்றால் எஞ்சின் நாள் முழுவதும் சுற்றும், பற்றாது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா? தாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? அது மூடியிருந்தால் எரிபொருள் வெளியேற வெளியேறத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, சற்று நேரத்தில் வரத்து நின்றுவிடும். இந்த மூன்றையும் பார்க்காமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்களை நான் நிறையவே சந்தித்திருக்கிறேன். அவர்களில் சிலர் அனுபவமுள்ள கடற்தொழிலாளர்கள்.

இனி அந்த ‘டக்’. சாதாரண மல்ட்டிமீற்றர் ஒன்று போதும், புறக்கோட்டையில் மலிவாகவே கிடைக்கும். பற்றரியை எதிலும் இணைக்காமல் அளந்தால் முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.0 காட்டினால் அது ஏறக்குறைய வெறுமையான பற்றரி. பிறகு மீற்றரின் முனைகளைப் பற்றரியின் ஈயக் குமிழ்களிலேயே வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். வோல்ட் 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரி சுமையைத் தாங்கவில்லை, அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. சார்ஜ் ஏற்றிய வேறொரு நல்ல பற்றரியை மாட்டிப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். ‘டக்’ என்று சத்தம் வந்தும் வோல்ட் கொஞ்சம்கூட இறங்காமல் 12.5இலேயே நின்றால் பற்றரியில் குறையில்லை. மின்சாரம் மோட்டாரைப் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

உங்கள் விஷயத்தில் மின்சாரம் போய்ச் சேராத இந்த நிலையைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். களனி கங்கை கடலில் விழும் அந்த இடத்தில், பருவக்காற்று உப்புத் தூவானத்தை மாதக்கணக்கில் அள்ளி வீசும். கேபிளின் நுனியில் நசுக்கிப் பொருத்திய செப்பு வளையத்தைக் கவனியுங்கள். வெளியே பளிச்சென்றுதான் இருக்கும். ரப்பர் உறையைக் கத்தியால் ஓரங்குலம் கீறித் திறந்து பாருங்கள். உள்ளே செப்பு இழைகள் கறுத்து, இடையிடையே பச்சைத் தூள் பூத்திருந்தால் அந்தக் கேபிளைச் சுரண்டிப் பயனில்லை. நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிப் புது வளையம் போடுங்கள், நீளம் போதாவிட்டால் கேபிளையே மாற்றுங்கள். வெளிப்புறத்தில் மட்டும் பூத்திருந்தால் சுடுநீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, உப்புத்தாள் போட்டு, இறுக்கியபின் கிறீஸ் தடவுங்கள். கையால் முறுக்கும் இறகு நட்டுகளை எடுத்துவிட்டுச் ஸ்பனர் போட்டு இறுக்கும் நட்டுகளை மாட்டுவது நல்லது. அலையில் படகு அடிக்க அடிக்க இறகு நட்டு தளர்ந்துவிடும்.

எந்தக் கேபிளில் குறை என்று கண்ணால் தெரியவில்லையா? மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் குமிழிலும் மறுமுனையை அதே கேபிள் போய்ச் சேரும் இடத்திலும் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். நல்ல கேபிளில் ஏறக்குறைய பூச்சியம் காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: மோட்டார் மின்சாரத்தை இழுக்கும்போதுதான் இந்தச் சோதனை பேசும். கேபிள்கள் நன்றாக இருந்தும் மோட்டார் அசையவில்லை என்றால், சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொலனாய்டின் மோட்டார் பக்க முனையை எஞ்சின் உடலோடு சேர்த்து அளந்து பாருங்கள். அங்கே 12 வோல்ட் வந்தும் மோட்டார் சும்மா இருந்தால் அதன் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கலாம், ஈரத்தில் ஒட்டியிருக்கலாம். வரவே இல்லை என்றால் சொலனாய்டின் உள்முனைகள் கருகிவிட்டன.

சாவி விவகாரம் அவ்வளவுதான். அது சரியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை, அடுத்த சோதனைகளுக்குக் கயிறு போதும்.

இரண்டு பிளக்குகளையும் கழற்றுங்கள். எது மேல் சிலிண்டர், எது கீழ் என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது அவற்றை நிதானமாகப் பாருங்கள், அவசரப்பட்டுத் துணியால் துடைத்துவிடாதீர்கள். இத்தனை இழுவை இழுத்த பிறகும் முனை காய்ந்து கிடந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. பெற்றோலில் நனைந்து வழிந்தால் எரிபொருள் வருகிறது, பொறியில்தான் சந்தேகம். அல்லது காற்றை அடைக்கும் சோக்கை இழுத்துவிட்டு மறந்துபோய் எஞ்சினை மூழ்கடித்திருக்கிறீர்கள். முனையில் தண்ணீர்த் துளிகள் நின்றால், அல்லது துருவின் செந்நிறம் தெரிந்தால், வேறு எதையும் செய்யாமல் நிறுத்துங்கள். தண்ணீர் எரிபொருளோடு வந்ததா, சிலிண்டர் மூடிக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் வழியாக வந்ததா என்று முதலில் தெரியவேண்டும். முனையில் மினுங்கும் மிகச் சிறிய அலுமினிய மணிகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அப்படி இருந்தால் நேரே கம்பிரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) சோதனைக்குப் போங்கள்.

பொறியைப் பார்க்கும் விதத்தில் பலர் தவறுகிறார்கள். பிளக்கை அதன் வயர் முனையிலுள்ள தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடலை எஞ்சினின் வர்ணம் பூசாத போல்ட் ஒன்றோடு கிளிப் வயரால் இணைத்துவிடுங்கள். இரண்டு பிளக்குகளையும் அப்படியே இணைக்க வேண்டும். ஒன்றை அந்தரத்தில் விட்டுச் சுழற்றினால் அந்த மின்னழுத்தம் வெளியேற வழியில்லாமல் கொயிலையோ சிடிஐயையோ பதம் பார்க்கும். நன்றாக இருந்த பெட்டியைச் சோதனையிலேயே கொன்றுவிட்டு, பார்த்தீர்களா போய்விட்டது என்று சொல்வதும் நடக்கிறது. பிளக்குகளைச் சிலிண்டர்த் துவாரங்களிலிருந்து தள்ளி வையுங்கள், அங்கிருந்து பீய்ச்சும் பெற்றோல் ஆவி பொறிபட்டால் தீப்பிடிக்கும். நண்பகல் வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது. படங்கு ஒன்றைப் போர்த்திக்கொள்ளுங்கள், அல்லது பொழுது சாயட்டும். கயிற்றை வேகமாக இழுக்கவேண்டும். பிளக் இல்லாதபோது எஞ்சின் இலகுவாகச் சுற்றும், அது உங்களுக்குச் சாதகம். நீல நிறத்தில், ‘சட் சட்’ என்று காதில் விழும் பொறி நல்லது. மெல்லிய மஞ்சள் இழை போல வந்தால் பலவீனம்.

இங்கேதான் உங்கள் மெக்கானிக்கின் தீர்ப்பை எடைபோடலாம். ஒரு சிலிண்டரில் பொறி இருக்கிறது, மற்றதில் இல்லை என்றால் பிளக், தொப்பி, வயர், அந்தச் சிலிண்டருக்குரிய கொயில் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். முதலில் பிளக்குகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள், கோளாறு பிளக்கோடு இடம் மாறினால் விஷயம் மிக மலிவாக முடிந்தது. இரண்டிலும் இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத்தான் தேட வேண்டும்: நிறுத்தும் சுவிட்ச் சுற்று, சார்ஜ் கொயில், சிடிஐ. சில எஞ்சின்களில் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கொயில்தான், அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் முதற் குற்றவாளி பெரும்பாலும் நிறுத்தும் சுவிட்ச்தான். இந்த எஞ்சின்கள் நிற்பது எப்படித் தெரியுமா? சிடிஐயிலிருந்து வரும் ஒரு வயரை எஞ்சின் உடலோடு தொடவைத்தால் பொறி செத்துவிடும். சாவியும் சிவப்புக் கயிற்றுச் சுவிட்சும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. உப்பு நீர் புகுந்த சுவிட்சில் அந்தத் தொடுகை தானாகவே உண்டாகிவிடும். எஞ்சினைப் பொறுத்தவரை நீங்கள் நிறுத்து பொத்தானை நாள் முழுவதும் அழுத்திக்கொண்டே இருக்கிறீர்கள். சோதனை எளிது. அந்த நிறுத்தும் வயரின் இணைப்பைக் கழற்றிவிட்டு மீண்டும் இழுத்துப் பாருங்கள். யமஹாவில் பொதுவாக அது வெள்ளை, உடலோடு சேரும் வயர் கறுப்பு. கழற்றியதும் பொறி வந்தால் சிடிஐ நலம், கொயிலும் நலம், சுவிட்ச்தான் குற்றவாளி. அதன் விலை சிடிஐயோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. ஆனால் வயர் கழன்ற நிலையில் எஞ்சின் ஓடத் தொடங்கினால் சாவி அதை நிறுத்தாது, சோக்கை முழுதாக இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். அந்த நிலையில் கடலுக்குப் போகும் எண்ணமே வேண்டாம். கடலில் விழுந்தவரை விட்டுவிட்டுப் படகு தனியாகப் போகும்.

கழற்றியும் பொறி இல்லை என்றால் எல்லா இணைப்புகளையும் பிரித்து, பச்சை பூத்தவற்றைத் துலக்கி, எஞ்சின் உடலோடு சேரும் கறுப்பு வயரின் போல்ட்டையும் கழற்றித் தேய்த்துப் பூட்டுங்கள். பிறகு சார்ஜ் கொயிலின் தடையை மீற்றரால் அளந்து, உங்கள் மாதிரிக்குரிய கையேட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள். சிடிஐ பெட்டியைச் சாதாரண மீற்றரால் நேரடியாகச் சோதிக்க முடியாது. மற்ற எல்லாம் நலம் என்று தெரிந்த பிறகே அதன்மேல் பழிபோட வேண்டும். இதே மாதிரி எஞ்சின் வைத்திருக்கும் ஒருவர் முகத்துவாரத்தில் உங்களுக்குக் கட்டாயம் அகப்படுவார். அவருடைய பெட்டியை அரை மணிநேரம் இரவல் வாங்கிப் பூட்டிப் பார்ப்பது எந்தக் கருவியையும்விடத் தெளிவான பதிலைத் தரும்.

பொறி நன்றாக இருக்கிறதா? அப்படியென்றால் சிடிஐ கதை முடிந்தது. இந்த இடத்தில் நான் மிகவும் நம்பும் சோதனை ஒன்று உண்டு. இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்த புதிய பெற்றோலை ஊசியில்லாத சிரிஞ்சில் இரண்டு மூன்று மில்லிலீற்றர் எடுத்து, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரின் வாயில் விடுங்கள். வாயருகே முகத்தை வைக்காமல் கயிற்றை இழுங்கள். எஞ்சின் ஓரிரு விநாடி உறுமிவிட்டு அணைந்தால் பொறியும் கம்பிரஷனும் அதற்குப் போதுமான அளவு இருக்கின்றன, தாங்கியிலிருந்து காபரேட்டர் ஜெட் (எரிபொருள் வரும் நுண்துளைக் குழல்) வரையிலான பாதையில் எங்கோ அடைப்பு. கடைகளில் விற்கும் ஈதர் ஸ்பிரேயை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெயரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் வழுவழுப்பாக வைத்திருப்பது பெற்றோலோடு கலந்து வரும் எண்ணெய் மட்டுமே. ஸ்பிரே அதைக் கழுவி எடுத்துவிட்டு வறண்ட உலோகத்தைச் சுழலவிடும். அடிக்கடி அடித்துப் பழகியவரின் எஞ்சினை நான் விலைக்கு வாங்கமாட்டேன்.

நான் பந்தயம் கட்டுவதென்றால் எரிபொருளின் மீதுதான் கட்டுவேன். மாதக்கணக்கில் காபரேட்டர்க் கிண்ணத்தில் நின்ற பெற்றோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும், மிஞ்சுவது பிசினாகி ஜெட்டின் துளையை அடைக்கும். அதுவும் 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று தவித்த பிறகு பலருக்கும் கானில் பெற்றோல் சேர்த்து வைக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. கானில் பாதி காலியாக இருந்தால் அந்த இடத்தை நிரப்புவது கொழும்பின் ஈரக் காற்று. இரவு குளிரும்போது அதிலுள்ள நீர் சுவரில் வியர்த்து அடியில் இறங்கும்.

காபரேட்டர்க் கிண்ணத்தின் அடியில் வடிக்கும் திருகு ஒன்று இருக்கிறது. கழுவித் துடைத்த சிறிய ஜாம் போத்தலை அதன் கீழே பிடித்துத் திருகைத் திறங்கள். வடிந்ததை வெளிச்சத்தில் வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் விடுங்கள். அடியில் கண்ணாடிக் குண்டுபோல ஒரு குமிழி உருண்டு, போத்தலைச் சாய்க்கும்போது தனியாக நகர்ந்தால் அது தண்ணீர். வார்னிஷ் வாடையும் தேநீர் நிறமும் இருந்தால் பழைய பெற்றோல். மணல்போல வெண்பொடி படிந்தால் உள்ளே அலுமினியம் உப்பில் அரித்திருக்கிறது. எதுவுமே வடியவில்லை என்றால் எரிபொருள் இங்கே வரவேயில்லை, குழாயைப் பின்தொடருங்கள். மண்ணெண்ணெய் வாடை அடித்தால்? அதற்கு வருகிறேன்.

குழாயின் நடுவே உள்ள ரப்பர் பல்பை, அம்புக்குறி எஞ்சினை நோக்கி மேலே பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள். சில அமுக்கில் இறுகிவிட வேண்டும். எத்தனை அமுக்கியும் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது: வெடித்த குழாய், தேய்ந்த ஓ-ரிங், தாங்கிக்குள் உறிஞ்சும் குழாயில் விரிசல், அல்லது பல்பின் உள் வால்வு. பல்ப் இறுகியும் கிண்ணத்தில் எரிபொருள் இல்லை என்றால் வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது கிண்ணத்துக்குள் வரத்தைத் திறந்து மூடும் மிதவையின் ஊசி பிசினில் ஒட்டியிருக்கிறது. மிதவை ஊசி ஒட்டியதற்குக் காபரேட்டரைத் திருகாணிப்பிடியின் கைப்பிடியால் மெல்லத் தட்டினாலே சில சமயம் விடுபடும். நிரந்தர மருந்து அதுவல்ல. காபரேட்டரைக் கழற்றி, கிளீனர் அடித்து, ஒவ்வொரு ஜெட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். அடைப்பை எடுக்க இரும்பு ஊசி கூடாது, ஜெட் பித்தளை, துளை பெரிதாகிவிட்டால் எஞ்சின் ஒருபோதும் பழையபடி ஓடாது. மெல்லிய செப்பு இழை ஒன்றும் காற்றும் போதும். தாங்கியில் மிஞ்சியிருக்கும் பழைய எரிபொருளைப் புதியதோடு கலந்து தீர்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், முழுவதையும் எடுத்துவிடுங்கள். களனியில் ஊற்றவும் கூடாது. புதிதாகக் கலக்கும் விகிதம் கையேட்டில் இருக்கும். பல எஞ்சின்களுக்கு 50க்கு 1, அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர்.

இனி மண்ணெண்ணெய். நம் கரையில் கணிசமான அவுட்போர்ட் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனபோது சிறு படகுக்காரர்கள் தலையில் கைவைத்ததும் அதனால்தான். நீங்கள் பழையதாக வாங்கிய எஞ்சின் அப்படிப்பட்டதா என்று விற்றவரிடம் கேட்டீர்களா? இந்த எஞ்சின்கள் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறும். கரைக்கு வரும்போது மறுபடி பெற்றோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். அப்படிச் செய்யாமல் நிறுத்தினால் கிண்ணம் முழுக்க மண்ணெண்ணெய் நிற்கும். பெற்றோல், தண்ணீர் உறையும் குளிருக்கும் வெகு கீழே, பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை அளவிலேயே பற்றக்கூடிய ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் வேண்டும். நம் ஊர் வெக்கையில்கூட, ஆறிய எஞ்சினில் அது பற்ற மறுக்கும். பிளக் ஈரமாக இருக்கும், பொறி நன்றாக இருக்கும், எஞ்சின் மட்டும் பற்றாது. இதைச் சிடிஐ கோளாறு என்று தீர்ப்பு எழுதினால் ஆச்சரியமில்லை. கிண்ணத்தை வடித்து, பிளக்கைக் காயவைத்து, பெற்றோல் ஊற்றினால் தீர்ந்தது. அதேபோல, பெற்றோலுக்கென்றே செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியிருந்தால் அது பிஸ்டனுக்குக் கேடு. அந்த இரண்டு வகையும் உள்ளமைப்பிலேயே வேறு.

கம்பிரஷனைக் கடைசிக்கு வைத்தேன், முக்கியமில்லை என்பதால் அல்ல. அதற்குரிய கருவியை இரவல் வாங்க வேண்டியிருக்கும் என்பதால். கராஜ்களில் கார் எஞ்சினுக்குப் பயன்படுத்தும் அதே அளவுகருவிதான், திருகுப் புரி பொருந்த வேண்டும். இரண்டு பிளக்குகளையும் கழற்றி, அவற்றை உடலோடு இணைத்து, வேகம் கூட்டும் த்ரொட்டிலை முழுதாகத் திறந்து, முள் ஏறி நிற்கும் வரை இழுங்கள். பெற்றோல் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பொதுவாக 90 முதல் 130 பிஎஸ்ஐ வரை காட்டும். மண்ணெண்ணெய் மாதிரிகளில் குறைவாக இருப்பது இயல்பு. தனி எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தையே நான் பார்ப்பேன். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே வேலை இருக்கிறது. அது சாமான் வாங்கும் வேலையுமில்லை, கரையில் வைத்துச் செய்யும் வேலையுமில்லை.

பொறி, எரிபொருள், கம்பிரஷன் மூன்றும் இருந்தும் பற்றாமல், காபரேட்டர் வழியாகப் பின்னால் துப்பினால் உள்ளே போன கலவையைத் திரும்ப வரவிடாமல் தடுக்கும் ரீட் வால்வுத் தகடு உடைந்திருக்கலாம். கயிறு கையைப் பிடுங்குவதுபோல் பின்னால் உதைத்தால் ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் சிறு சாவித்துண்டு வெட்டுப்பட்டுப் பொறியின் நேரம் பிசகியிருக்கிறது. இரண்டும் அபூர்வம்.

சித்தப்பாவின் டீசலுக்கு வேறு வழி. அதில் பொறியே இல்லை. எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறதா என்பதும் புகையும்தான் அங்கே சாட்சி. சுற்றும்போது புகைபோக்கியில் புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. நிறுத்தும் நெம்புகோல் இழுத்த நிலையிலேயே நிற்கிறதா, தாங்கி வால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டியில் தண்ணீரா என்று பாருங்கள். வடிகட்டியில் கறுப்புச் சளி படிந்திருந்தால் டீசலுக்கும் அடியில் நிற்கும் நீருக்கும் நடுவே வளரும் நுண்ணுயிர்கள், நம் வெப்பத்தில் அவை நன்றாகவே பெருகும். வடிகட்டி மாற்றிய பிறகோ தாங்கி வற்றிய பிறகோ ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் குழாயில் காற்று. வடிகட்டியில் தொடங்கி, பம்பு, கடைசியாக இன்ஜெக்டர் நட் என்று வரிசையாகத் தளர்த்திக் குமிழி நிற்கும் வரை வெளியேற்ற வேண்டும். இன்ஜெக்டரின் பீய்ச்சலுக்கு நேரே கையை வைக்கவேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், அது தோலைத் துளைத்து உள்ளே போகும். வெண்புகை வந்தும் பற்றவில்லை என்றால் டீசல் போகிறது, சூடு போதவில்லை: பற்றரி பலவீனத்தால் மெதுவாகச் சுற்றுவது, சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் வேலை செய்யாதது, அல்லது குறைந்த கம்பிரஷன்.

உங்கள் எஞ்சின் பற்றிக்கொள்ளும் அந்த முதல் தடவை தரையில் வறட்சியாக ஓடவிடாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரை ஏற்றும் இம்பெல்லர் ரப்பர், தண்ணீர் இல்லாமல் சில விநாடிகளிலேயே கருகத் தொடங்கும். பெரிய பீப்பாயை வெட்டித் தண்ணீர் நிரப்பி, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, கீழ்ப்பகுதியை அதில் இறக்கி ஓட்டுங்கள். பின்னாலுள்ள சிறு துவாரத்தில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். பீய்ச்சவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். கரையில் நின்றபோது குளவி கூடு கட்டியிருந்தாலும் அடைக்கும், முதலில் மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள்.

எனக்குத் திரும்ப எழுதும்போது இவற்றை எழுதுங்கள்: சாவியைத் திருப்பும்போது பற்றரி எத்தனை வோல்ட் காட்டியது, இரண்டு பிளக்குகளும் ஈரமா காய்ந்தா, நிறுத்தும் வயரைக் கழற்றும் முன்னும் பின்னும் பொறி எப்படி, ஜாம் போத்தலில் என்ன தெரிந்தது. படகில் எஞ்சினை மாட்டும் பிடியில் ஒரு தகடு இருக்கும், அதிலுள்ள மாதிரிக் குறியையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டு சிலிண்டரிலும் பொறி இல்லை, வயரைக் கழற்றியும் வரவில்லை என்று முடிவானால் சார்ஜ் கொயிலுக்குரிய தடை அளவை அந்தக் குறியை வைத்துத் தேடிச் சொல்கிறேன். சிடிஐ விலை விசாரிப்பது அதற்குப் பிறகு.